பண்டாரவன்னியன் இறந்த நாள் எது?

ஓகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம் நெருங்கினால் எனக்குச் சில தொலைபேசி அழைப்புகள் வருவது வழக்கம். ரொறன்ரோவிலிருந்து ஒருவர், இலண்டனிலிருந்து ஒருவர், வவுனியாவிலிருந்து ஒரு ஆசிரியர். எல்லோரும் கேட்பது ஒன்றையேதான். "அண்ணை, பண்டாரவன்னியன்ர எத்தனையாவது நினைவு தினம் இந்த முறை?" விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகவிருக்கும். எண்ணை மட்டும் நான் உறுதிப்படுத்திக் கொடுத்தாற் போதும். நடப்பு ஆண்டிலிருந்து 1803ஐக் கழித்துச் சொல்லிவிட்டு, "எதனுடைய நினைவு தினம் என்று போடப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். மறுமுனையிற் சற்று மௌனம். பிறகு, "அவர் வீரமரணம் அடைஞ்ச நாள்தானே?" என்ற பதில் வரும்.

அன்று அவர் மரணமடையவில்லை. ஓகஸ்ட் 25 அவருடைய வாழ்வின் மிகப் பெரிய வெற்றி நாள்.

இந்தத் தவறை மற்றவர்கள் மீது சுமத்திவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், "மாவீரன் பண்டாரவன்னியன் வீழ்ந்த நாள்" என்று மூன்று பத்தி அகலத்திற்குத் தலைப்பிட்டவன் நானேதான். திகதி ஓகஸ்ட் 25. பல்கலைக்கழகத்தில் வரலாற்றையும் ஒரு பாடமாகப் படித்துவிட்டு வந்தவன். ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை. ஒரு வாசகர் கடிதமாவது வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த மௌனத்தை இன்று நினைத்தால்தான் வியப்பாக இருக்கிறது.

நடந்தது என்ன என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1803 தொடக்கத்திற் கண்டி மீது படையெடுத்தனர். கண்டி நகருக்குள் நுழைவது எளிதாக இருந்தது, இருந்து ஆள்வது எளிதாக இருக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மேஜர் டேவியின் கீழிருந்த காவற்படை சரணடைந்து அழிந்தது. ஆங்கிலேயர் அந்தத் தீவில் அடைந்த மிகக் கேவலமான தோல்வி அது. அதன் பின் வந்த வாரங்களிற் கண்டியின் படைகள் கரையோரக் கோட்டைகள் பலவற்றையும் ஒரே காலத்தில் நெருக்கத் தொடங்கின. வன்னியிற் பண்டாரவன்னியன் எழுந்தது அந்தச் சந்தர்ப்பத்தில்தான். 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கினார். காவலுக்குப் பொறுப்பாயிருந்த வொன் டிறிபேர்க் என்ற அதிகாரி தன் படையினருடன் வள்ளங்களில் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனார். பீரங்கிகள் பண்டாரவன்னியன் கைக்கு வந்தன. அதன் பின் ஆனையிறவு வரை அவர் துணிந்து சென்றார் என்று ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். மன்னாரிலிருந்து ஒரு படை, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு படை, திருகோணமலையிலிருந்து ஒரு படை என்று மூன்று திசைகளிலிருந்து வந்தனர். திருகோணமலைப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஓகஸ்டில் வள்ளமேறி ஓடிய அதே டிறிபேர்க். ஒக்டோபர் 31 விடியற்காலையிற் கற்சிலைமடுவிற் பண்டாரவன்னியனின் ஆட்களை அவர் திடீரெனத் தாக்கிச் சிதறடித்தார். வன்னியின் எதிர்ப்பு அன்றுடன் முறிந்தது.

முறிந்தது எதிர்ப்பு. ஆள் இறந்தார் என்று எங்கே இருக்கிறது?

போர் நிறுத்த காலத்தில், ஏ9 பாதை திறந்திருந்தபோது, 2003ஆம் ஆண்டு நான் கற்சிலைமடுவுக்குப் போனேன். அந்த நிகழ்ச்சிக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவெய்திய ஆண்டு அது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் பெயர் போன ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள கிராமம். ஆங்கிலேயர் நாட்டிய கல்லைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் இறங்கி உருட்டிக்கொண்டே என்னுடன் நடந்து வந்தார். கமக்காரர். எழுபது வயதைத் தாண்டியிருப்பார்.

"இதிலதான் தம்பி வன்னியனை வெட்டினவங்கள்" என்று கல்லைக் காட்டினார். "இது அவற்ற சமாதிக் கல்லு."

கல்லில் இருந்தது ஆங்கிலம். வாசித்துச் சொல்லும்படி அவரே கேட்டார். இவ்விடத்துக்கு அண்மையிற் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதும், 1803 ஒக்டோபர் 31 என்ற திகதியும்தான் அதிலிருந்த விடயம். நான் தமிழிற் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"செத்தது எண்டு இல்லையோ?"

"இல்லை ஐயா. தோற்கடித்தது என்றுதான் இருக்கு."

"அப்ப இது வெள்ளைக்காரன் தனக்கு வைச்ச கல்லு."

அவர் சொன்னதை அந்தக் கல்லைப் பற்றி எழுதிய எவரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் படித்ததில்லை. அது வென்றவன் தன் வெற்றிக்கு நாட்டிய கல். வீழ்ந்தவனுக்கு அதில் இடம் கிடைத்தது தோற்றவன் என்ற அளவில் மட்டுமே. மொழி தெரியாத மக்கள் அதைத் தங்கள் தலைவனின் நடுகல்லாக எடுத்துக்கொண்டார்கள், பூ வைத்தார்கள், அருகிலிருந்த பாடசாலைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். எதிரியின் வெற்றித் தூணை நம் மக்கள் தம்முடையதாக்கிக்கொண்ட அந்தச் செயலை நான் குறை கூற மாட்டேன். அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனால், தோல்வி மரணமாக மாறியது அங்கேதான். கல்லில் ஒரு திகதி இருந்தால் அது இறந்த திகதி என்று நம்புவது இயல்பு.

அதற்கடுத்த படியிற் குழப்பம் இன்னும் கூடியது. விழா எடுப்போர் ஒரு சாரார் ஒக்டோபர் 31ஐ விட்டு ஓகஸ்ட் 25க்கு வந்தனர். ஏன் என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. ஒக்டோபர் இறுதி வன்னியில் மாரி தொடங்கிக் காலபோக விதைப்பு நடக்கும் காலம், வயலை விட்டு ஒருவரையும் விழாவுக்கு இழுக்க முடியாது. ஓகஸ்டிலோ குளங்கள் வற்றி, காற்று அடித்துக்கொண்டிருக்கும், மாலையிற் கூட்டம் கூடுவது எளிது. காரணம் எதுவாயினும், திகதி இடம் மாறியபோது "இறந்த நாள்" என்ற பெயரும் அதனுடன் சேர்ந்து இடம் மாறிவிட்டது. இப்போது வவுனியா மாவட்டச் செயலகத்துக்கு அருகில் உள்ள சிலைக்கு ஓகஸ்ட் 25இல் மாலை அணிவிக்கிறார்கள், ஒக்டோபர் 31இலும் அஞ்சலிச் செய்தி வெளியாகிறது. ஒரே மனிதருக்கு ஓராண்டில் இரண்டு இறந்த நாட்கள். இரண்டிலும் அவர் இறக்கவில்லை. முல்லைத்தீவில் இதனை வெற்றி நாள் என்ற சரியான பெயரிலேயே நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். செய்தி பத்திரிகைக்கு வந்து சேரும்போது அவர்களின் வெற்றி நாளும் நினைவு தினமாகிவிடுகிறது. எங்கள் மேசையின் கைவண்ணம் அது.

அவர் எப்போது இறந்தார்? கற்சிலைமடுவிலிருந்து தப்பி, காட்டிலும் கண்டியின் எல்லைப் புறங்களிலும் சில ஆண்டுகள் திரிந்து, மீண்டும் ஆட்களைத் திரட்டிப் போரிட்டுக் காயமடைந்து, 1811 அளவிற் பனங்காமத்தில் உயிர்நீத்தார் என்று வன்னி வரலாற்றை எழுதியோர் சிலர் கூறுகின்றனர். அது வாய்மொழி மரபின் மீது நிற்கும் செய்தி, அதற்குரிய அளவிலேயே அதனை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த மரபை ஏற்றுக்கொண்டால், தோல்விக்குப் பின்னும் அவர் ஏழெட்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். கோட்டை இல்லை, பீரங்கி இல்லை, நிலம் இல்லை. பிடிபடாமல் வாழ்ந்திருக்கிறார். அந்த ஆண்டுகளை நாம் நம்முடைய கையாலேயே வெட்டி எறிந்துவிட்டோம். 1803இல் அவரைச் சாகடித்துவிட்டால் கதை நன்றாக முடிகிறது அல்லவா?

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியாவில் வாழும் என் மருமகள், தங்கையின் மகள், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் என்னுடன் பேசும்போது, "மாமா, இண்டைக்கு எங்கட ஒபிசில மெக்சிக்கோவின்ர சுதந்திர தினம் கொண்டாடினவை" என்றாள். பெரிய தொப்பி, சோளத் தின்பண்டம், பியர். அதன் பெயர் சிங்கோ டி மாயோ. மே ஐந்து என்பதுதான் ஸ்பானிய மொழியில் அதன் பொருள். அமெரிக்கர்களிற் பெரும்பாலோர் அதை மெக்சிக்கோவின் சுதந்திர தினம் என்றே நினைக்கிறார்கள் என்று அவளுடன் வேலை செய்யும் மெக்சிக்கோப் பெண் சலித்துக்கொண்டாளாம்.

மெக்சிக்கோவின் சுதந்திர தினம் செப்டெம்பர் 16. ஸ்பெயினுக்கு எதிராக 1810இல் எழுந்த கிளர்ச்சியின் நினைவு அது. மே 5 வேறு கதை. கடன் பாக்கியைச் சாட்டாக வைத்து மெக்சிக்கோவைப் பிடிக்க வந்த பிரான்சின் படையை, 1862 மே 5இற் புவெப்லா நகருக்கு வெளியே சரகோசா என்ற இளம் தளபதி தோற்கடித்தார். அந்நாளில் உலகின் வலிமை மிக்க படைகளில் ஒன்றை, பெரும்பாலும் ஏழை உழவரும் பழங்குடியினருமாயிருந்த ஒரு படை விரட்டியது. ஆனால், மறு ஆண்டே பிரெஞ்சுப் படை மேலும் பெரிதாக வந்து புவெப்லாவையும் தலைநகரையும் பிடித்தது. மக்சிமிலியன் என்ற ஆஸ்திரிய இளவரசனைக் கொண்டுவந்து 1864இல் அரியணையில் இருத்தினார்கள். 1867இல்தான் மெக்சிக்கர்கள் அவனைப் பிடித்துச் சுட்டுக் கொன்று குடியரசை மீட்டனர். புவெப்லாவில் வென்ற சரகோசா அதைப் பார்க்கவில்லை. வென்ற அதே ஆண்டு செப்டெம்பரிலேயே காய்ச்சலில் இறந்துபோனார்.

மெக்சிக்கோவில் இந்த நாளைப் பெரிதாகக் கொண்டாடுவது புவெப்லாப் பகுதியினரே. அமெரிக்காவிலோ கலிபோர்னியாவிற் குடியிருந்த மெக்சிக்கர்கள் அறுபதுகளிலேயே, அதாவது 1860களிலேயே, அதைக் கொண்டாடத் தொடங்கிவிட்டனர். அங்கே அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அடிமை முறைக்கு எதிரான பக்கத்துக்கு அவர்கள் ஆதரவாளர்கள். பிரான்சுப் பேரரசன் தெற்கு மாநிலங்களின் பக்கம் சாய்கிறான் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே அந்த வெற்றி அவர்களுக்குத் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. நூறாண்டுகள் கழித்து, 1960களிலும் 70களிலும் உரிமைக்காகப் போராடிய மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் அதை மீண்டும் கையிலெடுத்தனர். எண்பதுகளிற் பியர் நிறுவனங்கள் கண்டுகொண்டன. இன்று என் மருமகளின் ஒபிசுக்கு வந்திருப்பது அந்தப் பியர்க் கம்பனிகளின் மே 5.

அந்த நாளும் நம்முடைய ஓகஸ்ட் 25உம் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்தவை. வலிய அந்நியப் படை மீது கிடைத்த வெற்றி, அந்த வெற்றி நிலைக்காமற் போனது, புலம்பெயர்ந்தவர்கள் கையில் அந்த நாள் பெரிதானது, பெயர் மாறிப் பொருள் திரிந்தது. ஆனால், ஓரிடத்தில் நாம் அவர்களிடமிருந்து விலகுகிறோம். சரகோசா நான்கு மாதங்களில் இறந்துவிட்டபோதும் மே 5ஐ அவர் இறந்த நாளாக ஒருவரும் மாற்றவில்லை. வெற்றியை மிகைப்படுத்தினார்கள், குடித்தார்கள், விற்றார்கள். ஆனால், வெற்றியாகவே வைத்திருந்தார்கள். நாமோ ஒரு வெற்றியை எடுத்து அதற்குச் செத்தவீட்டுக் கறுப்பைப் போர்த்தினோம். இறந்தால்தான் ஒருவனை நினைக்கத் தகும் என்ற எண்ணம் நமக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

மரணத்தைச் சேர்த்தவர்கள் அதற்கொரு காரணத்தையும் சேர்த்தார்கள். அந்தக் காரணத்தின் பெயர் காக்கை வன்னியன்.

வன்னியில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கதை தெரியும். பண்டாரவன்னியனின் தங்கையை மணக்க விரும்பி மறுக்கப்பட்ட காக்கை வன்னியன், வெள்ளையரிடம் போய் அவரைக் காட்டிக் கொடுத்தான். முல்லைமணியின் புகழ்பெற்ற நாடகத்தில் அவன் வருகிறான். பாடசாலை மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் அந்தக் கதையை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. காக்கை வன்னியனாக வேடம் போட்டவருக்கு மறுநாள் தேநீர்க் கடையிற் கிடைக்கும் வசவைக் கேட்டுச் சிரித்தும் இருக்கிறேன். கலைஞர் மு. கருணாநிதி "பாயும்புலி பண்டாரக வன்னியன்" என்ற நாவலை எழுதியபோது கதை தமிழகத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால், காக்கை வன்னியன் என்ற பெயர் பண்டாரவன்னியனுக்கு முந்தியது. ஒல்லாந்தர் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் அவன் வருகிறான். அங்கே அவன் காட்டிக் கொடுப்பது யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பறங்கியருக்கு. யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்த ஆண்டு 1619. கற்சிலைமடுச் சண்டைக்கும் அதற்கும் இடையில் 184 ஆண்டுகள். நூல் எழுதப்பட்டதே 1803க்குப் பல பத்தாண்டுகள் முன்னர். சங்கிலிக்குத் துரோகம் செய்தவனாக எழுதி வைக்கப்பட்ட ஒருவனை நாடக மேடை தூக்கி வந்து இன்னொரு காலத்தில் இறக்கிவிட்டது. நாடகாசிரியர் மீது எனக்குக் குறையில்லை. நாடகத்துக்கு வில்லன் வேண்டும். நாடகத்தை வரலாறாக எழுதிக் கொடுத்தவர்கள் பேச்சாளர்களும், பத்திரிகைக்காரர்களான நாங்களும்.

கற்சிலைமடுத் தோல்வியை விளங்கிக்கொள்ள ஒரு துரோகி தேவையே இல்லை. மூன்று திசைகளிலிருந்து படைகள் நெருங்கின. தாக்கியவர் அந்த மாவட்டத்தைப் பற்றி அறியாதவரல்லர், முல்லைத்தீவில் இருந்தவர். அவமானப்பட்டு ஓடியவருக்குத் திரும்பி வரும் வேகம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். விடியற்காலையில் அடித்தார். இவ்வளவும் ஒரு தோல்விக்குப் போதும். ஆனால், நமக்குப் போதவில்லை. நாம் தோற்றதே கிடையாது, யாராவது காட்டிக் கொடுத்தால் மட்டுமே தோற்போம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். துரோகி என்ற சொல் எங்கள் மண்ணிற் பிற்காலத்தில் எத்தனை பேரை எந்த எந்த மின்கம்பத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதை என் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காக்கை வன்னியன் மேடையிலிருந்து இறங்கி வீதிக்கு வந்த காலம் அது.

வேறு இரண்டு தவறுகளையும் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். வன்னியன் என்ற பெயரைக் கேட்டதும் தமிழகத்திற் சிலர் அதனைத் தங்கள் சாதிப் பெயருடன் பொருத்திப் பார்க்கிறார்கள். இலங்கையில் வன்னியர் என்பது நிலத்தை ஆண்ட சிற்றரசருக்கு உரிய பட்டம். மட்டக்களப்புப் பகுதியிலும் புத்தளத்திலும் வன்னிமைகள் இருந்தன. அநுராதபுரத்தின் நுவரவாவியைச் சேர்ந்த சிங்கள வன்னியர்களும் இருந்தார்கள். எல்லோரையும் ஒரே சாதிக்குள் அடைக்க முடியாது.

மற்றையது, "கடைசித் தமிழ் மன்னன்" என்ற பட்டம். வன்னி என்றும் ஒரே முடியின் கீழ் இருந்த நாடாக இருக்கவில்லை. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று பற்றுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் தலைவனின் கீழ் இருந்தது. ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுக்க வேண்டியிருந்தது, கொடாமல் இழுத்தடிப்பதும் அவர்களின் வழக்கமாக இருந்தது. மன்னன் என்ற மகுடத்தை நாம் அவர் தலையில் வைத்தபோது, இன்னொன்றை மறைத்துவிட்டோம். அவர் தனித்து நின்று போரிடவில்லை. கண்டியின் துணையுடன் போரிட்டார். 1803இல் கண்டியை ஆண்டவன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், நாயக்கர் மரபினன். அவனுடைய படைகள் சிங்களப் படைகள். வெள்ளையனுக்கு எதிராக வன்னித் தமிழ்த் தலைவன் ஒருவனும் கண்டிச் சிங்கள வீரரும் ஒரே பக்கத்தில் நின்ற அந்தச் செய்தியை நம் மேடைகளிலும் சொல்வதில்லை, தெற்கின் பாடநூல்களிலும் பெரிதாகச் சொல்வதில்லை. இரு தரப்பாருக்கும் அது இடைஞ்சலாக இருக்கிறது போலும்.

"இருநூறு வருசத்துக்கு முந்தின திகதி, இதில் என்ன பெரிய விசயம்?" என்று அழைப்பிதழ் அடிக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மக்கள் கூடுகிறார்கள், பிள்ளைகள் ஒரு பெயரையாவது அறிகிறார்கள், போதாதா என்பார்கள். நியாயமான கேள்விதான். போருக்குப் பின் 2010இல் அந்த நினைவுச் சின்னம் உடைக்கப்பட்ட செய்தி வந்தபோது, திகதியைப் பற்றிப் பேச எனக்கே மனம் வரவில்லை. ஒரு கல்லைக் கூட வைத்திருக்க விடாத நிலையில், அந்தக் கல்லின் பொருளைத் திருத்திக்கொண்டிருப்பது அற்பமாகத் தோன்றியது.

என் மனம் மாறியது 2017இல். அவ்வாண்டு பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தனர். முல்லைத்தீவிலும் அமர்ந்தனர். வவுனியாக் கொட்டகையில் ஒரு தாயுடன் நீண்ட நேரம் பேசினேன். மகனைக் கடைசியாகக் கண்டது 2009 மே மாதத்தில், வட்டுவாகலில். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று அதிகாரிகள் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். "எடுத்தால் திகதி ஒண்டு போட வேணும். நான் கடைசியாக் கண்ட நாளைத்தான் போடச் சொல்லுகினம். கண்ட நாள் எப்பிடி ஐயா செத்த நாளாகும்?"

குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டிருந்தபோது கற்சிலைமடு முதியவரின் குரல் எனக்கு நினைவுக்கு வந்தது. "செத்தது எண்டு இல்லையோ?" ஒரு மனிதனைக் கடைசியாகக் கண்ட நாளை அவன் இறந்த நாளாக எழுதிவிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எனக்கு உணர்த்தியவர் அந்தத் தாய். அவர் ஏற்க மறுப்பதைத்தான் நாங்கள் பண்டாரவன்னியனுக்கு ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கிறோம். எங்களுடைய இறந்தோரின் தொகையையும் இடத்தையும் நாளையும் உலகம் சரியாக எழுத வேண்டும் என்று ஜெனிவா வரை போய்க் கேட்கிறோம். கேட்பது நியாயம். அப்படிக் கேட்கிறவர்களின் அழைப்பிதழில், தங்கள் ஊர்த் தலைவனின் வெற்றி நாள் இறந்த நாளாக அச்சிடப்பட்டிருக்கிறது.

ஆகவே விழா எடுப்போரிடம் என்னுடைய வேண்டுகோள் மிகச் சிறியது. ஓகஸ்ட் 25ஐ முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய நாள் என்று போடுங்கள். ஒக்டோபர் 31ஐ நினைவுகூர விரும்பினால், கற்சிலைமடுத் தோல்வியின் நாள் என்றே போடுங்கள், தோல்வியை நினைவுகூர்வதில் வெட்கம் இல்லை. ஆண்டுக் கணக்கை இரண்டிற்கும் வைத்துக்கொள்ளலாம், கழித்தற் கணக்கில் மாற்றமில்லை. டிறிபேர்க்கின் கல்லிலிருந்த வாசகத்தை அவ்விடத்திலேயே தமிழில் எழுதி, அதை நாட்டியவர்கள் யார் என்பதையும் கீழே குறித்து வையுங்கள். காக்கை வன்னியனை நாடகத்தில் வைத்திருங்கள், நான் முன் வரிசையிலிருந்து பார்ப்பேன். மேடைப் பேச்சில் மட்டும் வேண்டாம்.

சென்ற முறை ரொறன்ரோ நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் வெற்றி நாள் எண்டு போட்டால், அகவணக்கம் செலுத்துறதை நிகழ்ச்சி நிரலில எங்க போடுறது?" என்று கேட்டார். அகவணக்கம் இல்லாமல் ஒரு நிகழ்ச்சியை எப்படித் தொடங்குவது என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. அன்று கோட்டைக்குள் நுழைந்தபோது அவருடைய ஆட்களும் சிலர் விழுந்திருப்பார்கள்தானே, அவர்களுக்குச் செலுத்துங்கள் என்றேன். அவர்களின் பெயர்கள் என்ன என்று கேட்டார்.

பெயர்கள் எதிலும் எழுதப்படவில்லை.